கூடங்குளமா நுரைச்சோலையா, எதுக்குக் கூடப் பயப்படணும்?

வாவிக்கரை (மட்டக்களப்பு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பக்கத்தில அணுமின் கதை எடுத்தா ரெண்டே ரெண்டு பேச்சுத்தான் வரும். ஒரு ஆள் "கூடங்குளம் வெடிச்சா மட்டக்களப்பு மிஞ்சுமா?" எண்டு கேப்பார். மற்ற ஆள் "நிலக்கரி அணுவை விட ஆயிரம் மடங்கு ஆளைக் கொல்லுது, தெரியாதா?" எண்டு திருப்பிக் கேப்பார். ரெண்டு பேரும் கணக்குக் காட்டினதைக் காணல்ல.

விசயம் தெரிஞ்ச ஆக்கள் எழுதுங்க. இந்த ஆயிரம் மடங்கு எங்கயிருந்து வந்தது, செர்னோபில்லும் அதுக்குள்ள அடங்குதா? கூடங்குளத்தில பெரிய பழுது வந்தா எங்களுக்கு என்ன வந்து சேரும், எந்த மாசத்தில வரும், வந்தா என்ன செய்யணும்? கிழக்குக் கரையில சின்ன அணு உலை ஒண்டு வைக்கிறதெண்டா, 2004இல கடல் ஏறின கரைக்கு அது சரிவருமா? "ரெண்டிலயும் நன்மை தீமை இருக்கு" எண்டு மட்டும் எழுதிப் போட்டுப் போகாதீங்க, அது எனக்கும் தெரியும்.

மின்மானி:

தம்பி, முதல் கேள்வியை நான் எடுக்கிறேன்.

அளவுகோல் இது: ஒரு டெராவாற்-மணி மின்சாரம் எடுக்க எத்தனை பேர் இறக்கிறார்கள். ஒரு டெராவாற்-மணி என்பது 100 கோடி யூனிற். இலங்கை முழுவதற்கும் வருடத்துக்கு 16, 17 டெராவாற்-மணி போகிறது. நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 3 இயந்திரமும் (ஒவ்வொன்றும் 300 மெகாவாற்) ஒழுங்காக ஓடினால் அதில் 5 முதல் 6 வரை தரும். இந்த அளவில் பரவலாகக் காட்டப்படும் எண்கள்: நிலக்கரி 24.6, எண்ணெய் 18.4, எரிவாயு 2.8, நீர்மின் 1.3, காற்றாலை 0.04, அணு 0.03, சூரியசக்தி 0.02. 24.6ஐ 0.03ஆல் வகுத்தால் எண்ணூற்றுச் சொச்சம். அதுதான் வாய்மாறி வாய்மாறி ஆயிரம் ஆகிவிட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எண்கள் 2007இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்தவை. சூரியசக்தியின் 0.02இல் கூரையில் பலகை பூட்டும்போது விழுந்து இறந்தவர்களும் வருகிறார்கள்.

செர்னோபில், ஃபுகுஷிமா இரண்டும் 0.03க்குள் இருக்கின்றன. செர்னோபில்லுக்கு எந்த எண்ணைப் போடுவது என்பதில்தான் சண்டை. கடும் கதிர்நோய் கண்டவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களிலேயே இறந்தார்கள். பிறகு சிறுவயதில் கதிர் பட்டவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோய் ஆயிரக்கணக்கில் வந்தது. 2005 வரை அதில் இறந்தவர்கள் 15 பேர். அதிகம் கதிர் பட்ட 6 லட்சம் பேரில் காலப்போக்கில் 4,000 பேர் வரை புற்றுநோயால் இறக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணிப்பு. 0.03 கணக்கில் அந்த 4,000 முழுதாகச் சேரவில்லை. சேர்த்துப் பாருங்கள்: உலகத்து அணு உலைகள் இதுவரை தந்த மின்சாரம் கிட்டத்தட்ட 1 லட்சம் டெராவாற்-மணி. செர்னோபில்லுக்கு 4,000, ஃபுகுஷிமா இடம்பெயர்வில் இறந்தவர்கள் 2,300, கூட்டி வகுத்தால் 0.06, 0.07. செர்னோபில் எண்ணைப் பத்து மடங்காக்கினாலும் எரிவாயுவின் 2.8க்குக் கிட்ட வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 24.6ஐ நுரைச்சோலையின் 5.5ஆல் பெருக்கி "வருடத்துக்கு 135 பேர்" என்று யாரும் முகநூலில் போட்டுவிடாதீர்கள். அது ஐரோப்பாவின் சனநெரிசல், ஐரோப்பாவின் காற்று, ஐரோப்பாவின் நிலையங்களை வைத்துப் போட்ட கணக்கு. கடற்கரையில், ஆட்கள் குறைந்த இடத்தில் இருக்கும் நிலையத்துக்கு எண் இறங்கும். புகை வடிகட்டி சரியாக ஓடாத நிலையத்துக்கு ஏறும்.

நிலக்கரியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் சுரங்கமோ தீயோ இல்லை. புகைபோக்கியால் வெளியே போகும் 2.5 மைக்ரோனுக்குக் குறைந்த துகள். தலைமயிர் 50 முதல் 70 மைக்ரோன் என்றால் அளவு விளங்கும். மூக்கில் தங்காது, நுரையீரலின் அடிவரை போய் இரத்தத்தில் கலக்கும். மாரடைப்பு, பக்கவாதம் என்றுதான் மரணச் சான்றிதழில் வரும், "நிலக்கரி" என்று வராது.

இதைப் பிடிப்பதற்குக் கொதிகலனுக்கும் புகைபோக்கிக்கும் நடுவில் ஈ.எஸ்.பி என்ற கருவி இருக்கும். உயர் அழுத்த மின் கம்பிகள் சாம்பலுக்கு மின்னேற்றம் கொடுக்கும், பக்கத்துத் தகடுகள் அதை இழுத்துப் பிடிக்கும், சுத்தியல் போன்ற ஒன்று இடைக்கிடை தகட்டைத் தட்டிச் சாம்பலைக் கீழே உள்ள தொட்டியில் விழுத்தும். ஒழுங்காக வேலை செய்தால் நூற்றுக்கு 99க்கு மேல் பிடித்துவிடும். பிழைக்கும் இடங்கள் தெரிந்தவைதான். தொட்டியில் சாம்பல் இறுகி இறங்காமல் நின்றால் மட்டம் ஏறி மின்கம்பியைத் தொடும், அந்தப் பகுதி ஷோர்ட் ஆகி நின்றுவிடும். கந்தகம் குறைந்த நிலக்கரி வந்தால் சாம்பலின் மின்தடை கூடி, தகட்டில் ஒட்டியது விடாது. எல்லாவற்றிலும் மோசம், நிலையம் நின்று திரும்ப ஏற்றும் நேரம். கொதிகலனை முதலில் எண்ணெயால் சூடாக்குவார்கள். எரியாத எண்ணெய் தகட்டில் படிந்து தீப்பிடிக்கக் கூடும் என்பதால் அந்த மணித்தியாலங்களில் ஈ.எஸ்.பியை நிறுத்தி வைப்பார்கள் அல்லது ஒரு பகுதியை மட்டும் போடுவார்கள். நிலையம் எத்தனை முறை டிரிப் ஆகிறதோ அத்தனை முறை கறுப்புப் புகை.

நிலக்கரி முற்றம் தனி விசயம். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் நுரைச்சோலைக் கடல் கொந்தளிக்கும், கப்பலிலிருந்து பார்ஜ் மூலம் இறக்க முடியாது. அதனால் ஏறக்குறைய செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இறக்கி, மிச்ச மாதங்களுக்கும் சேர்த்துக் குவித்து வைக்க வேண்டும். வருடத்துக்கு சுமார் 22 லட்சம் தொன். குவியலைப் படை படையாகப் போட்டு றோலரால் அமத்தாவிட்டால் உள்ளே காற்றுப் புகுந்து தானாகச் சூடேறும். 60, 70 பாகைக்கு வந்தால் அந்த இடத்தைத் தோண்டிப் பரத்தி ஆற விட வேண்டும். மேலால் தண்ணீர் மட்டும் அடிப்பது தூசியை அடக்கும், உள்ளே இருக்கும் சூட்டை அடக்காது.

நீர்மின் 1.3ஐப் பார்த்து ஆச்சரியப்படாதீர்கள். 1975இல் சீனாவில் பான்சியாவ் அணை உடைந்தது ஒன்றே அந்த எண்ணை ஏற்றி வைத்திருக்கிறது. எங்களுக்கும் புதிதில்லை. கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20, விடியப்புறம் 3 மணி. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1,600க்கு மேல் வீடுகள் போயின. செர்னோபில் நடந்தது அதற்கு 6 நாள் கழித்து, ஏப்ரல் 26. கந்தளாய் மின் நிலையம் இல்லை, நீர்ப்பாசனக் குளம். ஆனாலும் அந்த மாதத்தில் இந்த மாகாணத்தில் ஆளைக் கொன்றது எது என்று கேட்டால் பதில் தண்ணீர்தான்.

வாவிக்கரை:

மின்மானி அண்ணன், கோடி நன்றி. கந்தளாயும் செர்னோபில்லும் ஒரே கிழமை எண்டது இப்பதான் தெரியும். மறுகா, உலையில உண்மையில என்னதான் பிழைக்கிறது? அணுகுண்டு மாதிரி வெடிக்குமா இல்லையா?

உறுகாமம்:

வெடிக்காது. மின் உலை எரிபொருளில யுரேனியம்-235 3 முதல் 5 வீதம்தான், குண்டுக்கு 90 வீதமளவு வேணும். உலையின்ர வில்லங்கம் நிப்பாட்டின பிறகுதான் தொடங்குது. அதை விளங்கினா மிச்சம் எல்லாம் விளங்கும்.

நிலக்கரி நிலையத்தில நெருப்பை நிப்பாட்டினா சூடு இறங்கிப் போகும். அணு உலையில கட்டுப்பாட்டுக் கோலை இறக்கினா சில செக்கனில பிளவு நிண்டுரும், ஆனா பிளந்த துண்டுகள் தாங்களா சிதைஞ்சு சூடு தந்துகொண்டே இருக்கும். கூடங்குளம் மாதிரி 1,000 மெகாவாற் மின்சாரம் தாற உலைக்கு வெப்பம் 3,000 மெகாவாற். நிப்பாட்டின கையோட அதில 6, 7 வீதம் மிஞ்சும், அதாவது 200 மெகாவாற் அளவு. ஒரு மணித்தியாலத்தால 40. ஒரு நாளால 15. இங்கினியாகலை நீர்மின் நிலையத்தின்ர முழு மின்சாரமே 11 மெகாவாற்தான். நிப்பாட்டி ஒரு நாள் கழிஞ்ச உலைக்குள்ள அதை விடக் கூடச் சூடு இருக்கு.

15 மெகாவாற் சூட்டைத் தண்ணி கொதிக்க வைச்சு எடுக்கிறதெண்டா மணித்தியாலத்துக்கு 20 தொன் தண்ணி ஆவியாகும். வறட்சிக்கு ஊருக்குள்ள வாற 10,000 லீற்றர் பவுசர் இருக்கே, அதில மணிக்கு ரெண்டு. முதல் மணித்தியாலத்தில அதை விட எத்தனையோ மடங்கு. இந்தத் தண்ணி போகல்லையெண்டா எரிபொருள் உறை சிவந்து, நீராவியோட தாக்கம் செய்து ஐதரசன் வரும். ஃபுகுஷிமாவில கட்டடக் கூரை பறந்தது அந்த ஐதரசனால.

மூண்டு விபத்தையும் இந்தக் கண்ணால பாருங்க.

அமெரிக்காவின்ர திரீ மைல் ஐலண்ட், 1979 மார்ச் 28. அழுத்தம் குறைக்கிற வால்வு திறந்து மூடாம சிக்கிற்று. கட்டுப்பாட்டு அறையில இருந்த விளக்கு வால்வு மூடிற்றா எண்டதைக் காட்டல்ல, "மூடு" எண்ட கட்டளை போனதைத்தான் காட்டிச்சு. மூடிற்று எண்டு நம்பி, உள்ளுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணியையும் குறைச்சுப் போட்டாங்க. உலை பாதி உருகிச்சு. கொன்கிரீற் கவசம் தாங்கிற்று, வெளியால போனது மிகக் கொஞ்சம்.

செர்னோபில் வேற இனம். அந்த உலையில தண்ணி ஆவியானா சக்தி கூடும். நாம சாதாரணமா காணுற உலையில குறையும். கோலின்ர நுனியில கிரபைற் இருந்ததால அவசரத்துக்கு இறக்கினதே முதல் சில செக்கனில சக்தியை ஏத்திச்சு. மேலால கவசக் கட்டடமும் இல்ல. அந்த மூண்டும் ஒண்டா இருக்கிற உலையை இண்டைக்கு ஆரும் புதுசாக் கட்டுறதில்ல.

ஃபுகுஷிமா, 2011 மார்ச் 11. நிலநடுக்கத்தில உலைகள் சரியா நிண்டுது, டீசல் ஜெனரேற்றரும் ஓடிச்சு. அம்பது நிமிசம் போல கழிச்சுக் கடல் வந்தது. கணக்குப் போட்டு வைச்சிருந்த அலை 5.7 மீற்றர், வந்தது 14, 15 மீற்றர். ஜெனரேற்றர்களும் மின் பலகைகளும் நிலக்கீழ் அறையில. எல்லாம் முழுகிச்சு. 5ஆம் 6ஆம் உலைகள் தப்பினது ஏன் தெரியுமா? 6ஆம் உலைக்கு உயரத்தில வைச்சிருந்த, கடல்தண்ணி தேவைப்படாத, காத்தால குளிர்ற ஒரே ஒரு ஜெனரேற்றர். அது ரெண்டு உலைக்கும் கரண்ட் குடுத்திச்சு. வடக்கால இருந்த ஓனாகாவா நிலையம் நிலநடுக்கத்துக்கு இன்னும் கிட்ட. அதின்ர தரை 14 மீற்றருக்குக் கிட்டக் கட்டினதால தண்ணி முக்கியமான இடத்துக்கு ஏறல்ல. வீடு போன சனம் அந்த நிலையத்துக்குள்ளதான் ஒதுங்கிச்சு.

சுனாமிக் கேள்விக்கு எங்கட பக்கத்துப் பதில் கல்பாக்கம். 2004 டிசம்பர் 26, அதே அலை. 2ஆம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் இழுக்கிற பம்பி வீட்டுக்குள்ள தண்ணி ஏறிச்சு, உலையைப் பாதுகாப்பா நிப்பாட்டினாங்க, கதிர் வெளியாகல்ல. பக்கத்தில புது உலைக்குத் தோண்டின கிடங்குதான் நிரம்பிச்சு. அதே நாள் அம்பாறை மாவட்டத்தில மட்டும் எத்தனை ஆயிரம் சனம் எண்டு நான் சொல்லத் தேவையில்ல. கரையில அணு உலை வைக்கிறதெண்டா பாக்க வேண்டியது ரெண்டு விசயம்: தரை மட்டமும், ஜெனரேற்றர் எந்த மாடியில எண்டதும். மதில் எத்தினை அடி எண்டது அதுக்குப் பிறகு.

கூடங்குளத்தில 2011க்கு முதலே வடிவமைப்பில இருந்த ஒண்டு, கரண்டே இல்லாம வேலை செய்யிற வெப்ப வெளியேற்றம். நீராவி தானா மேல ஏறி, வெளிக்காத்தால குளிர்ந்து, தண்ணியா இறங்கி வரும், பம்பி தேவையில்ல. எரிபொருள் உருகி விழுந்தாலும் ஏந்துறதுக்கு உலைக்கடியில சட்டி ஒண்டும் இருக்கு. இதால ஆபத்துச் சுழியாகிற்று எண்டு சொல்ல மாட்டன். ஃபுகுஷிமாவில பிழைச்ச அதே இடத்துக்கு இங்க வேற வழி இருக்கு, அவ்வளவுதான்.

சங்கமன்கண்டி:

எல்லாரும் நிலக்கரியோட நிக்கிறீங்க, எண்ணெயை மறந்துட்டீங்க. அம்பாறைக் கரைக்கு இதுவரைக்கும் கிட்ட வந்த பெரிய ஆபத்து எண்ணெய்தான். 2020 செப்டெம்பர் 3, சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைல், நியூ டயமண்ட் கப்பல். 2,70,000 தொன் மசகு எண்ணெய், குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப்புக்கு. இயந்திர அறையில் கொதிகலன் வெடித்து ஒருவர் இறந்தார். அணைத்த தீ சில நாளில் திரும்பப் பற்றியது. சரக்குத் தாங்கி உடையாததால் தப்பினோம். கப்பல் ஓட வைத்திருந்த டீசலில் கொஞ்சம் கசிந்ததே கடலில் படையாக நின்றது. அந்த 2,70,000 தொன்னும் வந்திருந்தால் பொத்துவிலிலிருந்து பாசிக்குடா வரை கரைவலை இழுக்கேலாது.

வீட்டுக்குள்ளும் பாருங்க. கரண்ட் போனவுடன் ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்து ஓட்டுகிறார்கள். கார்பனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி, வாந்தி, மறுகா மயக்கம். யன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வைக்கணும். குப்பி விளக்கில் ஊற்றுகிற மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெற்றோல் கலந்தாலும் தீப்பற்றும் வெப்பநிலை வெகுவாக இறங்கி விளக்கு வெடிக்கும். உயரமான போத்தலில் செய்த விளக்கு தட்டுப்பட்டுச் சரிந்து பாயில் ஊற்றுவதுதான் பெரும்பாலான தீக்காயத்துக்குக் காரணம். குட்டையான, அடி பாரமான, இரண்டு பக்கம் தட்டையான, திருகு மூடி போட்ட விளக்கை வைத்தியர் விஜய கொடகும்புர வடிவமைத்தது அதனால்தான்.

வாவிக்கரை:

கூடங்குளக் காத்தைப் பத்தி ஆரும் சொல்லல்லையே? அயடீன் மாத்திரை வாங்கி வைக்கவா? பழுது எண்டு கேள்விப்பட்டா உப்பைக் கூடச் சாப்பிட்டா சரி எண்டும் ஒரு கதை இருக்கு.

கச்சான்காத்து:

உப்புக் கதையை முதலில் முடிப்போம். பெரியவர்களுக்கான மாத்திரை 130 மில்லிகிராம் பொற்றாசியம் அயடைட்டு, அதில் அயடீன் 100 மில்லிகிராம். அயடீன் சேர்த்த உப்பில் கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு ஈடாக 3 முதல் 7 கிலோ உப்புத் தின்ன வேண்டும். கதிர் வருவதற்கு முன்பே ஆள் முடிந்துவிடும்.

இனித் தூரம். கூடங்குளத்திலிருந்து கற்பிட்டிக் கரை 220 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. மட்டக்களப்பு 440 அளவில், கிட்டத்தட்ட நேர் கிழக்கு. கச்சான் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும், அதாவது அங்கிருந்து இங்கே. வாடைக் காலத்தில் இங்கிருந்து அங்கே. கதிர்த்தூசி நிலத்தில் கூடுதலாக இறங்குவது மேகம் தலைக்கு மேல் போகும்போது மழை பெய்தால்தான். எங்கள் பெருமழை வாடையோடு வருகிறது; கச்சானில் நிலம் காய்ந்து கிடக்கும். காற்று எங்களை நோக்கி வரும் மாதத்தில் மழை குறைவு, மழை கூடிய மாதத்தில் காற்று எதிர்ப்பக்கம். இது அதிர்ஷ்டம், ஏற்பாடு இல்லை. ஒக்டோபர், நவம்பரில் புயல் சுழற்சி வந்தால் திசை எப்படியும் திரும்பும், அந்த இரண்டு மாதத்துக்கும் இந்தக் கணக்கு செல்லாது.

440 கிலோமீற்றரில் கதிர்நோய் வராது. அங்கே கவனிக்க வேண்டியது சாப்பாடு, அதிலும் பால். செர்னோபில்லில் பிள்ளைகளுக்குத் தைரொயிட் புற்றுநோய் வந்த வழி: அயடீன்-131 புல்லில் விழுந்தது, மாடு மேய்ந்தது, பாலில் வந்தது, ஒருவரும் தடுக்கவில்லை. எங்கள் மாடும் எருமையும் திறந்த தரையில் மேய்பவை. அதனால் அறிவித்தல் வந்தால் முதல் வேலை மேய்ச்சல் மாட்டின் பச்சைப் பாலையும் புதுச் சட்டித் தயிரையும் நிறுத்துவது, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும். மாட்டைக் கட்டி, முன்பே அறுத்து மூடிவைத்த வைக்கோலைப் போடலாம். பழைய பால்மாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அயடீன்-131 ஒவ்வொரு 8 நாளும் பாதியாகும்; 80 நாளில் ஆயிரத்தில் ஒன்று. திறந்த கிணற்றுக்குப் படங்கு போடுங்கள், கூரைத் தண்ணீர் பிடிக்கும் பீலியைக் கழற்றி விடுங்கள், மரக்கறியை ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

மாத்திரை தைரொயிட்டுக்கு மட்டும். கதிர் வருவதற்கு முந்திய 24 மணித்தியாலத்துக்குள், அல்லது வந்து 2 மணித்தியாலத்துக்குள் எடுத்தால் நல்ல பலன். வந்து ஒரு நாள் கழித்து எடுத்தால் கெடுதல் கூட. 40 வயதுக்கு மேல் பலன் குறைவு. இவ்வளவு தூரத்தில் அது பெரும்பாலும் தேவைப்படாது, தேவையென்றால் சுகாதாரத் திணைக்களம் சொல்லும். வாங்கி அலுமாரியில் வைத்துப் பயத்தில் விழுங்குவதுதான் ஆபத்து.

சீசியம்-137 நீண்ட வில்லங்கம், பாதியாக 30 வருடம். நெல்லுக்காரருக்கு ஒரு செய்தி: ஃபுகுஷிமா வயல்களில் அவர்கள் செய்தது பொற்றாசியம் கூட்டியது. 100 கிராம் மண்ணுக்கு 25 மில்லிகிராம் பொற்றாசியம் ஒட்சைட்டு அளவுக்கு ஏற்றினார்கள். பயிருக்குப் பொற்றாசியமும் சீசியமும் ஒரே வாசலால் போகிறவை. பொற்றாசியம் நிறைய நின்றால் சீசியத்துக்கு இடமில்லை. இங்கே மூட்டையில் எம்.ஓ.பி என்று எழுதி வருகிறதே, அதே பசளைதான்.

சம்மாந்துறையான்:

மரணக் கணக்கு எல்லாம் சரி. மின்மானி அண்ணன்ட கணக்கில ஒரு பிழையும் இல்ல. ஆனா அதில வராத ஒண்டு இருக்கு: நிலம்.

ஃபுகுஷிமாவில கதிரால இறந்ததா அரசாங்கம் ஏற்றது ஒரு ஆளை. இடம்பெயர்ந்ததால அந்த மாகாணத்தில இறந்தது 2,300க்கு மேல், கூடுதலும் வயசாளிகள். வெளியேறினது ஒண்டரை லட்சத்துக்கும் மேல. அடுத்த நாளே வெளியேத்தின வட்டம் 20 கிலோமீற்றர். அந்தக் கவராயத்தை எங்கட அம்பாறைக் கரையில, ஒலுவில்ல குத்திப் பாருங்க. அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, சம்மாந்துறை எல்லாம் உள்ளுக்கு. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வயல், நடுவால கரையோரப் பிரதான வீதி ஒண்டு. 2004க்குப் பிறகு அந்த ரோட்டில சனம் எப்பிடி நிண்டதெண்டு எல்லாருக்கும் தெரியும். ஒரு லட்சம் ஏக்கர் கணக்கில நெல்லுக் காணியைப் பத்து வருசம் விடுறதெண்டா அது ஒரு டெராவாற்-மணிக்கு எத்தனை? அந்தக் கட்டம் உங்கட அட்டவணையில இல்ல.

ரெண்டாவது, மின் வலையமைப்பு. நாட்டின்ர உச்சத் தேவையே 3,000 மெகாவாற்றுக்குள்ள. 1,000 மெகாவாற் உலை ஒண்டு டிரிப் ஆனா மூண்டில ஒரு பங்கு ஒரே செக்கனில போகும், மிச்சம் தாங்காது. 300 மெகாவாற்றுக்கே நாங்க படுற பாட்டைப் பாருங்க. அதாலதான் சின்ன உலைக் கதை வருது. ஆனா ஓடுற சின்ன உலைகளை விரல் விட்டு எண்ணலாம். ரஷ்யாவின்ர மிதக்கும் நிலையம் 2020இலிருந்து, 35 மெகாவாற்படி ரெண்டு. சீனாவில 210 மெகாவாற் ஒண்டு, 2023 கடைசியில வணிக ரீதியா ஓடத் தொடங்கினது.

மூண்டாவதுதான் என்ட பெரிய பயம். உறுகாமம் அண்ணன் சொன்ன பம்பிகள் வெளிக் கரண்டில ஓடுறவை. நாடு முழுக்க இருண்ட நாள்களை எண்ணுங்க: 2016 மார்ச் 13, 2020 ஆகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9. கடைசித் தரம் பாணந்துறை உப மின் நிலையத்தில குரங்கு பாய்ஞ்சது எண்டாங்க. ஞாயித்துக்கிழமை, தேவை குறைவு, சோலர் கூட, சுழலுற இயந்திரங்கள் குறைவு; அதிர்வெண் விழுந்தவுடன நுரைச்சோலையும் விழுந்திச்சு, திரும்ப ஏத்தச் சில நாள். இந்த அஞ்சு நாளிலயும் இங்க அணு உலை இருந்திருந்தா அஞ்சு தரமும் அது டீசலை நம்பித்தான் நிண்டிருக்கும். 2022இல டீசலுக்கு எத்தனை நாள் வரிசையில நிண்டம் எண்டும் நினைச்சுப் பாருங்க.

வாவிக்கரை:

சம்மாந்துறையான் காக்கா, ஒலுவில் வட்டம் நெஞ்சில குத்துது. கழிவு பத்தியும் ஆராவது ரெண்டு வரி எழுதினா நல்லம்.

மின்மானி:

கழிவு சுருக்கமாக. 1,000 மெகாவாற் உலைக்கு வருடம் 25 தொன் அளவில் பாவித்த எரிபொருள். யுரேனியம் பாரம் என்பதால் கன அளவில் சில கன மீற்றர்தான். 5 வருடமளவு தண்ணீர்த் தொட்டியில், பிறகு உருக்கும் கொன்கிரீற்றும் போட்ட பீப்பாயில். நிரந்தரமாகப் புதைக்க ஃபின்லாந்து ஒல்கிலுவோட்டோவில் 400 மீற்றருக்கும் கீழே பாறையில் குடைந்திருக்கிறது. மற்ற நாடுகள் இன்னும் இந்த அளவுக்கு வரவில்லை, அது உண்மையான குறைதான். நுரைச்சோலை அளவு நிலையத்தில் சாம்பல் நூற்றுக்கு 10 என்று வைத்தாலும் வருடம் 2 லட்சம் தொன், 10 தொன் டிப்பரில் 20,000 லோட். பெரும்பகுதி சீமெந்துக்குப் போகும். மிச்சத்தில் உள்ள ஆசனிக்கும் ஈயமும் பாதியாவதே இல்லை. சாம்பலில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் கூட உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம், புல்மோட்டைக் கரைமண்ணில் இருக்கும் மொனசைற் என்ற கனிமத்திலும் தோரியம் இருக்கிறது. இயற்கையாக எல்லோருக்கும் படும் கதிர் வருடம் சராசரி 2.4 மில்லிசீவேட் (கதிரை அளக்கும் அலகு), நெஞ்சு சீ.ரீ ஸ்கான் ஒன்றுக்கு 7 அளவில், ஒழுங்காக ஓடும் உலைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு 0.01க்கும் குறைவு.

சம்மாந்துறையான் சொன்ன நிலக் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். அந்த அட்டவணையில் அதற்குக் கட்டம் இல்லை.

உறுகாமம்:

காக்காட மூண்டாவதுக்கு மட்டும். புது வடிவமைப்புகளில கரண்டும் ஆளும் இல்லாம 72 மணித்தியாலம் தன்பாட்டில குளிர்ற உலைகள் ஓடுது, ஏ.பி-1000 அப்பிடி ஒண்டு. மேல சொன்ன அஞ்சு இருட்டிலயும் வலையமைப்புக் கரண்ட் ஒரு நாளுக்குள்ள திரும்பினது, அந்த 72க்குள்ள அடங்கும். அதால டீசல் வரிசைப் பயம் பழைய உலைக்குப் பொருந்தும், புதுசுக்கு அவ்வளவாப் பொருந்தாது. ஆனா ஏ.பி-1000 ஒண்டு 1,100 மெகாவாற். உங்கட ரெண்டாவது கேள்வியில போய் முட்டும்.

20 கிலோமீற்றர் வட்டத்துக்கு என்னட்ட பதில் இல்ல. சின்ன உலைக்கு அவசர வலயம் மதிலோட நிக்கும் எண்டு தயாரிக்கிற ஆக்கள் சொல்றாங்க. இங்க அதை ஏற்கிறதோ மறுக்கிறதோ 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்கச் சட்டத்தில வந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவை. வலயம் எத்தினை கிலோமீற்றர் எண்டதை இடம் பாக்க முதல் எழுத்தில வாங்கணும், இடம் பாத்து முடிஞ்ச பிறகு இல்ல.